அயலவரைச் சோதனையிடுங்கள்

காலை ஐந்தரைக்கே முதல் சுமையைப் போட்டுவிட்டேன்.
இன்று நாற்பத்து மூன்று என்றிருந்தார்கள்.
பெண்டில் ஹில்லுக்கு நாற்பத்து மூன்று என்றால்
எங்கள் தகரக் கூரைக்கு அதற்கும் மேலே.
சுற்றுக்கொடியின் ஒரு பக்கம் போர்வையை விரித்து
மறு பக்கம் கால்சட்டைகளை முடித்துத் திரும்ப
போர்வை அப்பளம்.
பிளாஸ்டிக் கிளிப் ஒன்று விரலுக்குள் நொறுங்கியது.
வேலியில் ஒரு மேக்பை அலகைத் திறந்தபடி,
சொல்ல வந்ததை மறந்ததுபோல.

குளிர்சாதனத்தின் வடிகட்டியைக் கழற்றினேன்.
ஒரு வருடத் தூசி
சாம்பல் நிறக் கம்பளியாய் உரிந்து வந்தது.
"ஏஐ எல்லாரையும் விழுங்கப்போகுது, பார்" என்றார் சிவநேசன்,
பேசினுக்குள் இரண்டு காலையும் விட்டுக்கொண்டு.
இரண்டாயிரமாம் ஆண்டு பிறக்கையிலும்
இதே குரலில்தான் சொன்னார்.
அப்போது வாங்கிய பன்னிரண்டு டின் மீனை
ஆடி மாதம்வரை தின்றோம்.
"அது அடுத்த சொல்லை ஊகிக்குது, அவ்வளவுதான் அப்பா,"
மகள் பிரணவி, ஃப்ரிட்ஜுக்குள் தலையை வைத்தபடி.
"கதவைச் சாத்து" என்றோம் இருவரும்.

எனக்கென்று ஒரு கருத்து இருந்தது, வைத்துக்கொள்ள நேரமில்லை.
முன்பு மொழிபெயர்த்தேன், சொல்லுக்குப் பதினெட்டுச் சதம்.
இப்போது அது மொழிபெயர்க்கிறது,
நான் சரிபார்க்கிறேன், சொல்லுக்கு நாலு.

பதினொரு மணிக்கு வந்தது கோப்பு:
நகரசபையின் வெக்கை எச்சரிக்கை, தமிழில், அவசரம்.
நிறையத் தண்ணீர் அருந்துங்கள். சரி.
வீட்டு வேலைகளை வெயில் ஏறுமுன் முடியுங்கள்.
சரி, முடியவில்லை.
திரைச்சீலைகளை மூடி வையுங்கள்.
துவைத்து ஈரத்தோடு மாட்டிப் பார்த்தவர்
எழுதியதில்லை இது, ஆனாலும் சரி.
ஐந்தாவது வரி:
அயலவரைச் சோதனையிடுங்கள்.

வாய்விட்டுச் சிரித்தேன்.
உரக்க வாசித்துக் காட்ட அவரும் சிரித்தார்,
பேசின் தண்ணீர் தளும்பியது.
பிறகு அவர் சிரிக்கவில்லை.
அரிசிப் பானைக்குள் கை விட்டுத் துழாவியவர்கள்,
தலையணையைக் கிழித்தவர்கள்,
எங்கள் முகத்துக்கே வெளிச்சம் அடித்து
எங்கள் பெயரைக் கேட்டவர்கள்.
அகராதிப்படி பிழையில்லை.
அதன் கதவை இன்னும் ஒருவரும் தட்டியதில்லை, பாவம்.

அழித்தேன். எழுதினேன்:
அயலவரை ஒருக்கால் எட்டிப் பாருங்கள்.
"ஒருக்கால்" அரசாங்கத் தமிழா என்று யோசித்துக்கொண்டு
சன்னலால் பார்த்தால்
எதிர்வீட்டு மிஸஸ் கமிலேரியின் திரைகள்
காலையிலிருந்து அப்படியே இருந்தன.

தார் ரோட்டில் செருப்பு ஒட்டி ஒட்டிப் பிரிந்தது.
இரண்டு தரம் தட்டினேன். உள்ளே ஒரே இரைச்சல்.
இந்த வெயிலில், எண்பத்தொரு வயதில்,
உள்பாவாடையோடு வாக்யூம் பிடிக்கிறாள் மனுஷி!
வெள்ளிக்கிழமை என்றால் கம்பளம்,
மால்டாவிலிருந்து கப்பலில் வந்த நாள் தொட்டு.
என் ஐஸ் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் சொன்னாள்,
பாங்கில் அந்த மெஷின் மிக மரியாதையாகப் பேசியதாம்,
புருஷன் செத்ததற்கு அனுதாபமும் சொன்னதாம்.
"அவர் சாகவில்லையே" என்றேன்.
"இல்லை, குவீன்ஸ்லாந்தில் வேறொருத்தியோடு இருக்கிறான்.
நான் திருத்தப் போகவில்லை."

மிச்சக் கம்பளத்தை நான் பிடித்தேன்.

ஏழு பத்துக்குத் தெற்குக் காற்று வந்தது,
வீட்டுக் கதவுகள் எல்லாவற்றையும் அறைந்துகொண்டு.
பிரணவியின் துவாய் ஒன்று வேலி தாண்டிப் போயிற்று.
நனையாத மழையின் வாசம்.
உடுப்புக் குவியலைக் கட்டிலில் கொட்டிவிட்டு
கோப்பை அனுப்பப் போனால்
திரை கேட்டது, மாற்றத்துக்குக் காரணம் என்ன:
பிழை, நடை, பிற.

நடை என்பதை அழுத்தினேன்.
வாசலில் செருப்பு
இன்னும் சூடாகத்தான் கிடந்தது.